படிக்க, எழுத, பேச

வேதியியல் ஆய்வகத்துக்கு வெளியே வராந்தாவில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள் பேச்சியம்மாள். கையில் ஒற்றைத் தாள். கசங்கிவிடக் கூடாதென்று ஓரத்தை இரண்டு விரலால் மட்டும் பிடித்திருந்ததில், விரல் பட்ட இடம் வியர்வையில் ஊறி மெத்தென்று ஆகிவிட்டிருந்தது. மூன்று நாளாக வெளியிலிருந்து மெர்லின் மேடம் வந்து பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரெஸ்யூம் எழுதவும் நேர்காணலில் பேசவும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு மாதிரி நேர்காணல். மாதிரி என்றுதான் பேர், ஆனால் ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனிக்காரர் ஒருவரும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார், நன்றாகப் பேசுகிற பிள்ளைகளின் பேரை அவர் எழுதிக்கொண்டு போவார், பரீட்சை முடிந்ததும் அந்தப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டலும் வேலையும் சேர்த்துக் கிடைக்கும், சாயந்திரம் மேற்கொண்டு படிக்கவும் செய்யலாம். அதனால் காலையிலிருந்து வகுப்பு முழுக்க ஒரே இரைச்சல், எல்லோரும் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாள் தாளைப் பார்த்தாள். அவள் கையெழுத்து நல்ல கையெழுத்து, எழுத்தில் யாரும் அவளை எதுவும் சொல்ல முடியாது. ஆனால் கீழே, மொழிகள் என்ற தலைப்பில், மேடம் சொன்னபடி கட்டம் போட்டு, படிக்க, எழுத, பேச என்று மூன்று பத்தி பிரித்து, தமிழுக்கு நேராக மூன்றிலும் டிக் அடித்திருந்தாள். முதல் இரண்டு டிக்கும் அழுத்தமாக இருந்தன. மூன்றாவது டிக் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி மெலிசாக, பேனாவில் மை தீர்ந்துபோகிற நேரத்தில் போட்டது மாதிரி இருந்தது. அதற்கு மேலே, உங்கள் பலம் என்ற இடத்தில், குட் கம்யூனிகேஷன். மேடம் உதாரணத்துக்குத்தான் பலகையில் எழுதிப்போட்டார், உங்களுக்கு எது உண்டோ அதை எழுதுங்கன்னு சொல்லவும் செய்தார், ஆனால் வகுப்பு மொத்தமும் அதையே எழுத, இவள் மட்டும் எழுதாமல் விட்டால் பக்கத்தில் இருக்கிறவள் எட்டிப் பார்ப்பாள், பார்த்து ஒன்றும் சொல்லமாட்டாள், ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாளே என்பது தாங்காது, அதனால் எழுதினாள். எழுதும்போதே காது சூடாகியது. இப்போதும் சூடாகத்தான் இருக்கிறது.

"மை நேம் இஸ் சந்தனமாரி. மை நேம் இஸ் சந்தனமாரி. ஏட்டி, ஐ ஆம் கமிங் ஃப்ரம்னு சொல்லணுமா, ஐ ஆம் ஃப்ரம்மா?" என்று காதோரம் கேட்டாள் பின்னால் நின்றவள். சந்தனமாரி ஆறாம் வகுப்பிலிருந்து பேச்சியம்மாளோடு ஒரே பெஞ்சு. காலையிலிருந்து அவள் இந்த ஒரு வரியை எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை, காலைக் கூட்டத்தில் சொன்னாள், தண்ணீர்த் தொட்டியடியில் சொன்னாள், இப்போது வரிசையிலும் சொல்கிறாள், அந்த வரி பேச்சியம்மாளுடைய காதுக்குள் போய் உட்கார்ந்து தானாகவே சுற்றிக்கொண்டிருந்தது. என்ன வழவழப்பான பேர். சந்தனமாரி. எங்கேயும் முட்டாது. சுரைக்கொடி மாதிரி அதுபாட்டுக்குப் போகும். பேச்சியம்மாளின் பேர் அப்படியில்லை. முதல் எழுத்திலேயே இரண்டு உதடும் ஒட்ட வேண்டும், ஒட்டினால் பிரியாது. ப. இந்த ஒரு எழுத்துக்குப் பின்னால் முழுப்பேரும் முட்டிக்கொண்டு நிற்கும், கோயில் வாசலில் கூட்டம் நிற்பது மாதிரி, உள்ளே விட ஆள் வராது. மற்ற வார்த்தையென்றால் மாற்றிக்கொள்ளலாம். பேனா வராவிட்டால் எழுதுறது என்று சொல்லலாம், பால் வராவிட்டால் அந்த வெள்ளையை எடு என்று சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம், அவளுக்கு எதற்கும் இன்னொரு சொல் தெரியும், வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிகம் சொல் தெரியும், தமிழய்யாவுக்கே அது ஆச்சரியம். பேருக்கு மட்டும் இன்னொரு சொல் கிடையாது. ஒருவருக்கு ஒரு பேர்தான். வரிசையில் முன்னால் நின்ற பிள்ளை உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது. சேர்ந்து சொன்னால் வரும். தமிழ்த்தாய் வாழ்த்தில் ஒரு எழுத்தும் முட்டாது, அத்தனை பேர் குரலுக்கு நடுவில் அவள் குரல் மீன் மாதிரி போகும். தனியாக ஆட்டுக்குட்டியிடம் பேசினால் வரும். நேற்று வீட்டுப் பின்பக்கம் துவைகல்லைப் பார்த்து மை நேம் இஸ் பேச்சியம்மாள் என்று சுத்தமாகச் சொன்னாள். துவைகல் கேட்டுக்கொண்டது. துவைகல்லுக்கு முகம் இல்லை. முகம் இருந்தால், அந்த முகத்தில் கண் இருந்தால், அந்தக் கண் இவள் உதட்டைப் பார்த்தால், அவ்வளவுதான்.

அவள் ஊர் கரிசல்குளம். ஆனால் பஸ்ஸில் கண்டக்டர் எங்கேம்மா என்றால் ஆலடி விலக்கு என்பாள், ஏனென்றால் க வராது, ஆ வரும். ஊருக்குப் பாதை பிரிகிற அந்த விலக்கில், சந்தனமாரி அப்பாவின் டீக்கடை முன்னால் இறங்கி, வெயிலில் ஊருக்கு நடப்பாள். ஊர்க்காரர்கள் யாராவது அதே பஸ்ஸில் இருந்தால், ஏளா இங்க ஏன் இறங்குத என்று கேட்பார்கள், நடக்கணும்போல இருக்கு என்பாள், நடப்பதில் பிரியமுள்ள பிள்ளை என்று ஊரில் அவளுக்கு ஒரு பேர் உண்டு. சிரிப்பு வந்தது. உடனே போய்விட்டது. அப்பாவும் நடப்பார். அப்பா எதற்காக நடக்கிறார் என்று அவள் யோசித்ததில்லை, யோசிக்க வேண்டாம் என்று விட்டிருந்தாள். அவர் காய்கறிச் சந்தையில் சுமை தூக்குகிறவர். தலையில் துண்டைச் சும்மாடு கட்டி முட்டைக்கோஸ் மூட்டையை ஏற்றிவிட்டால் யாரோடும் பேச வேண்டியதில்லை, ஏற்று, இறக்கு, எல்லாம் கையசைவிலேயே முடிந்துவிடும். அவர் முட்டி முட்டிப் பேசுவதைப் பழித்துச் சந்தைக்காரர்கள் அவரைக் கூப்பிடுகிற பேர் ததக்கா. அவர் எதிரிலேயே அப்படிக் கூப்பிடுவார்கள், ததக்கா, இங்க ஒரு நடை, என்று. அவர் போவார். ஒருநாள் அம்மா கொடுத்தனுப்பிய சோற்றுவாளியோடு போனவள் அதைக் கேட்டுவிட்டு, வாளியைக் கடை ஓரத்தில் வைத்து, அப்பா பார்க்காமல் திரும்பிவிட்டாள். அது பரவாயில்லை. அது சின்ன விஷயம். அதைவிட ஆஸ்பத்திரி இருக்கிறது. அதை இப்போது நினைக்கக் கூடாது. சீட்டுப் போடுகிற இடத்தில் கம்பிக்குப் பின்னால் இருந்த ஆஸ்பத்திரிக்கார அம்மா, பிள்ள பேரு என்ன என்று கேட்டதும், அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்து, கண் இறுகி, தலை பின்னால் ஒருமுறை வெட்டி... பின்னால் வரிசை. வரிசையில் ஒரு பொம்பளை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இவளுக்கு அப்போது பத்து வயசிருக்கும், காய்ச்சல், ஆனால் காய்ச்சலா அது, முகமெல்லாம் அப்படிக் கொதித்தது, அவள் என்ன செய்தாள் என்றால் அப்பாவின் கையை விட்டுவிட்டு இரண்டு எட்டுத் தள்ளிப் போய் சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்புப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ ஒருவருடைய பிள்ளை மாதிரி. படத்தில் கொசு எவ்வளவு பெரிசாக இருந்தது. கடைசியில் அப்பா ரேஷன் கார்டை எடுத்து விரலால் தொட்டுக் காட்டினார். அந்த அம்மா, இதை மொதல்லயே காட்டுறதுக்கென்ன என்றாள். வீடு வரைக்கும் அப்பா முன்னால் நடந்தார். எம்மா, தண்ணி குடிக்கியா என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் முட்டவே இல்லை.

பேச்சியம்மாள் என்று பேர் வைத்ததும் அவர்தான். குலசாமி பேர். வகுப்பில் பேர்களெல்லாம் ஹர்ஷினி, தர்ஷிகா என்றிருக்க இவள் பேர் வாத்தியார் வாயில் வரும்போதே பின்பெஞ்சு சிரிக்கும், அதோடு போனாலும் சரி, பேச்சு வராத பேச்சி என்று ஏழாம் வகுப்பில் ஒருத்தி சொன்னாள், அது வருஷா வருஷம் வகுப்பு மாறினாலும் கூடவே மாறி வந்தது. எதுக்கும்மா இந்தப் பேரை வச்சிய என்று அம்மாவிடம் சண்டை போட்டபோது அம்மா முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "உங்கப்பாதான் சாமிட்ட வேண்டிக்கிட்டாவ. எனக்குக் குடுக்காத பேச்ச எம்புள்ளைக்கிக் குடு, ஒம்பேரையே வைக்கேன்னு." சாமி பேரை வாங்கிக்கொண்டது. பதிலுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க மறந்துவிட்டது. இல்லை, சாமிக்கும் முட்டியிருக்கும். உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது, நல்ல சிரிப்பு, நேர்காணலுக்குப் போன பிள்ளை ஏதோ வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாள், எப்படி முடிகிறது இவர்களுக்கெல்லாம், வாயைத் திறந்தால் அதுபாட்டுக்கு வருகிறதே, அந்த அதிசயம் தெரியாமல் நகத்தைக் கடித்துக்கொண்டு பயமாருக்குடி என்கிறார்கள். ஓசூர் எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியாது. எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. சந்தைக்காரர்கள் இல்லாத ஊர். ததக்கா மகள் என்று தெரியாத ஊர். அங்கே போய்விட்டால், மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால், கை வேலைதானே, அதற்கு முன்னால் இந்த ஒரு வாசல், இந்த ஒரு வரி. கதவு திறந்தது. "அடுத்து யாரும்மா? உள்ள போ" என்றார் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த ஞானசெல்வம் டீச்சர். சந்தனமாரி முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "போட்டி, தைரியமா போ. நான் இங்கனதான் நிக்கேன்."

ஆய்வகத்தில் அமில வாடை. கல் மேஜைக்குப் பின்னால் இரண்டு நாற்காலி, ஒன்றில் மெர்லின் மேடம், ஒன்றில் கட்டம் போட்ட சட்டைக்காரர், வழுக்கை, கண்ணாடி, நல்ல முகம். மேடம் முந்தின பிள்ளைக்கு மார்க் போட்டுக்கொண்டே இவள் தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்துக்கொண்டார். மூன்று நாளும் கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் இருந்ததால் மேடத்துக்கு இவளைத் தெரியாது. அதற்காகத்தானே கடைசி பெஞ்சு. "உட்காரும்மா. உன்னைப் பத்திச் சொல்லு" என்றார் கம்பெனிக்காரர். உட்கார்ந்தாள். மை நேம் இஸ். அதுவரை வந்துவிட்டது. அடுத்தது அந்த எழுத்து. அது வருகிற தூரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, முட்டப்போகிறது, நெஞ்சுக்குள் ஒரு பலகை வந்து விழப்போகிறது, கம்பெனிக்காரர் கண் உதட்டுக்கு வந்துவிட்டது, சிரித்த முகமாக வேறு இருக்கிறார், அந்தச் சிரிப்பு எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியும், முதலில் சிரிப்பு அப்படியே நிற்கும், பிறகு கண் மட்டும் விலகிச் சன்னலுக்குப் போகும், காதுக்குள் காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தது சுற்றிக்கொண்டேயிருந்தது, அவள் வாய் திறந்தது. "சந்தனமாரி" என்று சொன்னது. சுரைக்கொடி மாதிரி. அவள் சொன்னாளா, அது சொன்னதா? திருத்த வேண்டும். இப்போதே, இந்த நொடியே, இல்லை சார், தப்பா சொல்லிட்டேன் என்று சொல்ல வேண்டும், சொன்னால் அப்புறம் உன் பேர் என்ன என்று கேட்பார். "அப்பா என்ன பண்றாங்க சந்தனமாரி?" என்று கேட்டார் அவர். "டீக்கடை வச்சிருக்காங்க சார். விலக்குல." அதுவும் வந்தது. கடைகூட வந்தது! டீக்கடை என்ற சொல்லுக்குள் இருந்த க-வை அவள் தாண்டியது தெரியாமல் தாண்டியிருந்தாள். அதன்பிறகு நடந்ததை அவளால் நம்ப முடியவில்லை. எதுக்கு வேலைக்குப் போக நினைக்கிற, கூடப் படிக்கிறவங்களோட சண்டை வந்தா என்ன செய்வ, வீட்டை விட்டுத் தூரமா இருக்க முடியுமா என்று அவர் கேட்கக் கேட்க, அவளுக்குள் இத்தனை வருஷம் வரிசையில் நின்ற சொற்களெல்லாம் திமுதிமுவென்று வந்தன. சந்தனமாரிக்குத் திக்காது. அதனால் அவளுக்குத் திக்கவில்லை. ப வந்தது. பயம் என்று சொன்னாள், பழகிக்கலாம் என்று சொன்னாள், பொறுமை என்று சொன்னாள், வேண்டுமென்றே ப-வில் தொடங்கும் சொற்களாகத் தேடித் தேடிச் சொன்னாள், பசித்தவள் விருந்து வீட்டில் உட்கார்ந்தது மாதிரி. சந்தோஷமாக இருந்தது. அதுதான் பின்னால் நினைத்துப் பார்க்கையில் தாங்க முடியாமல் போனது, அத்தனை சந்தோஷமாக இருந்தது.

"பிரமாதமா பேசுறம்மா. உன்னை மெஷின்ல உட்கார வைக்கிறது வேஸ்ட். ஆட்களை வச்சு வேலை வாங்கற இடத்துக்கே போடலாம்" என்றார் கம்பெனிக்காரர். மெர்லின் மேடம் சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பினார். "பேச்சியம்மாள்னு இருக்கே?" பலகை விழுந்தது. ஆனால் விழுந்ததற்கு மேலேயே ஏறி நின்று அவள் வாய் சொன்னது: "மாறிருச்சு மேடம். அது என் ஃப்ரெண்டுது. அடுத்து வாரா." பொய்யும் வழவழவென்று வந்தது. மேடம் சந்தனமாரி என்ற பேருக்கு நேராக என்னவோ எழுதினார். நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். வாசலுக்கு வருவதற்குள் எல்லாம் வற்றிவிட்டது. கதவுக்கு வெளியே சந்தனமாரி, "எப்படிட்டி? நல்லா பண்ணினியா? உள்ள சிரிக்காவளே!" என்று கையைப் பிடித்தாள். போகாதே. உன் பேரைச் சொல்லிட்டேன். நீ போய் என் பேரைச் சொல்லிரு, இல்ல, போகவே போகாதே, டீச்சர்ட்ட சொல்லிருவோம். இத்தனையும் உள்ளே இருந்தது. போகாதே என்று சொல்லத் தொடங்கினாள். ப். உதடு ஒட்டியது. ப். சந்தனமாரிக்கு இவளைத் தெரியும், இவள் முட்டினால் அவசரப்படுத்தக் கூடாது என்று தெரியும், அப்படியே நின்றாள், கண்ணைப் பார்த்துக்கொண்டு. அதற்குள் ஞானசெல்வம் டீச்சர், "என்னம்மா அங்க கதை? அடுத்த ஆள் உள்ள போ" என்றார். "வந்து கேக்கேன்" என்று சொல்லிவிட்டு, ஜடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, சந்தனமாரி உள்ளே போய்விட்டாள். ப் என்று ஒட்டிய உதட்டோடு இவள் வராந்தாவில் நின்றாள்.

சன்னல் திறந்திருந்தது. கேட்காமல் போய்விடலாம். கால் போகவில்லை. மை நேம் இஸ் சந்தனமாரி என்று தெளிவாகக் கேட்டது, காலையிலிருந்து கேட்ட அதே ராகம். பிறகு தாள் புரளுகிற சத்தம். "நீ பேச்சியம்மாள்தானேம்மா?" மேடம் குரல். "இல்ல மேடம்." "அப்ப இதுக்கு முன்னால வந்த பொண்ணு யாரு?" சந்தனமாரி பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் அவளுக்குப் புரிந்துகொண்டிருக்கிறது என்பது சன்னலுக்கு வெளியே நின்றவளுக்குத் தெரிந்தது. சொல்லிவிடுவாள். சொல்லட்டும். அவளுக்குத் திக்கும் மேடம், பயத்துல சொல்லிட்டா என்று ஒரு வாக்கியம், அவளுக்கு அது லேசு. "தெரியல மேடம்" என்றாள் சந்தனமாரி. கம்பெனிக்காரர் குரல் உயரவில்லை, ஆனால் சிரிப்பு இல்லை. "உனக்குப் பதிலா நல்லாப் பேசுற பொண்ணை அனுப்பிப் பேச வச்சியா? அவ பேசினதுக்கு மார்க் வாங்கிட்டு நீ வேலைக்கு வரலாம்னு பார்த்தியா?" "இல்ல சார்." "உங்க அப்பா டீக்கடை வச்சிருக்காருன்னு வரைக்கும் சொல்லிக் குடுத்திருக்க." "நான் சொல்லிக் குடுக்கல சார்." "இந்த வயசுலயே ஆள்மாறாட்டம். மேடம், ஹெச்எம்மைக் கூப்பிடுங்க." சந்தனமாரி அழவில்லை. அழுதிருந்தால்கூட இவள் ஓடியிருப்பாளோ என்னவோ, பொம்பளைப் பிள்ளைகள் கழிவறைப் பக்கமாக ஓடி ஒளிந்திருப்பாளோ. அவள் அழவுமில்லை, சொல்லவுமில்லை. வாயைத் திறந்தால் எந்தச் சொல்லும் வரக்கூடிய ஒருத்தி, வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். நல்லாப் பேசுற பொண்ணு. அப்படி யாரும் இவளைச் சொன்னதில்லை, சொன்ன ஒரே தடவையும் ஒரு திருட்டுக்குப் பேராக வந்துவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். டீச்சர் ஏய் என்றது பின்னால் கேட்டது.

"இவதான்" என்றார் கம்பெனிக்காரர். "சொல்லும்மா. உன் நிஜப் பேர் என்ன?" நின்றபடி வாயைத் திறந்தாள். ப். முழுச் சுவராக வந்து நின்றது. தலை பின்னால் வெட்டியது, வெட்டியதும் தெரிந்தது, அப்பாவுக்கு வெட்டுகிற அதே பக்கம். "இவ்வளவு நேரம் கடகடன்னு பேசினியே. இப்ப என்ன, நடிக்கிறியா?" என்றார் அவர். நடிப்பு. இல்லை சார், முன்னால் பேசினதுதான் நடிப்பு. சொல்ல முடியாது, அதற்கும் வாய் வேண்டும். ப். அமில வாடை. மேஜையில் யாரோ எப்போதோ கொட்டிய மஞ்சள் கறை. இப்படியே நிற்கப்போகிறோம், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கம்பிக்குப் பின்னால் அந்த அம்மா, பிள்ள பேரு என்ன, பிள்ள பேரு என்ன, அப்பாவின் நரம்பு புடைத்தது இவள் பேருக்காக. இவள் பேர்தான் அவருக்கு முட்டியது. அப்படியானால். ஊரில் எல்லோரும் மகளை எம்மா என்பார்கள், தாயி என்பார்கள், அதனால் அவளுக்கு வித்தியாசமாகப் பட்டதே இல்லை, எம்மா, சாப்பிட்டியா, எம்மா, தூங்கு. ஒருதடவைகூட. ஒரே ஒரு தடவைகூட அவர் அவள் பேரைச் சொல்லி அவள் கேட்டதில்லை. தன்னால் வாழ்நாளெல்லாம் சொல்ல முடியாது என்று தெரிந்தே ஒரு பேரை எடுத்து மகளுக்கு வைத்திருக்கிறார், மற்றவர்கள் சொல்லட்டும், அவளாவது சொல்லட்டும் என்று. அந்தப் பேரை இவள் இன்றைக்கு வாசலில் செருப்பு மாதிரிக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அவர் மூட்டை தூக்குகிறவர் என்பதையும் கழற்றிவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது, அதற்கு மட்டும் தடை இல்லை. மெர்லின் மேடம் கையிலிருந்த தாளைப் பார்த்து, "பேச்சி" என்று எடுத்துக்கொடுக்கத் தொடங்கினார். "மேடம்" என்று குறுக்கிட்டாள் சந்தனமாரி. இவளைப் பார்க்காமல்தான் சொன்னாள். "அவளே சொல்லுவா மேடம். கொஞ்சம் நேரமாகும்." கொஞ்ச நேரம் இல்லை, நிறைய நேரமாயிற்று. ப்ப் என்று உடைந்து, பே பே என்று ஆட்டுக்குட்டி மாதிரி வந்து, மறுபடி நின்று, மூச்சு முடிந்து, மறுமூச்சு எடுத்து, பேச்சி, யம், மாள். முடிந்தது. அழகாக ஒன்றும் இல்லை. எச்சில் தெறித்து மேஜையில் ஒரு துளி விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். "எனக்குத் தி... திக்கும் சார்" என்றாள். அந்தச் சொல்லை அவள் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. "அவ மேல தப்பில்ல. அவளுக்குத் தெரியாது."

கம்பெனிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லை, முகத்தை எங்கே வைப்பதென்று அவருக்கும் தெரியவில்லை. பிறகு சந்தனமாரியைப் பார்த்து, "ஸாரிம்மா. உன் நேர்காணலை முடிச்சிரலாம், உட்காரு" என்றார். இவளை ஓரமாக நிற்கச் சொன்னார் மேடம். நின்றாள். சந்தனமாரி பேசினாள். மூன்று நாள் படித்ததெல்லாம் அவளுக்குக் கலைந்துபோயிருந்தது, பாதியில் நிறுத்தினாள், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது டீக்கடை என்று சொல்லிவிட்டு, யாரோ தின்ற மிச்சத்தைத் தின்பதுபோல, மேலே ஒன்றும் சொல்லாமல் விட்டாள். கம்பெனிக்காரர் மென்மையாகத்தான் கேட்டார், ஆனால் முகத்தில் இருந்தது, முதலில் வந்த சந்தனமாரி எவ்வளவு நன்றாகப் பேசினாள் என்பது அவர் முகத்தில் இருந்தது, அது சந்தனமாரிக்கும் தெரிந்தது, ஓரத்தில் நின்றவளுக்கும் தெரிந்தது. அவள் எழுந்து வெளியே போன பிறகு இவளை உட்காரச் சொன்னார்கள். அதே கேள்விகள். இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் திக்கியது. சுமை தூக்குறாவ என்பதைச் சொல்லி முடிக்க வெளியே ஒரு லாரி வந்து, நின்று, திரும்பிப் போகிற நேரம் ஆனது. "திங்கட்கிழமை கம்பெனில வேற ஆளுங்க பார்ப்பாங்க" என்றார் அவர் கடைசியில். "உன் பேரை எழுதியிருக்கேன். அவங்க இவ்வளவு நேரம் பொறுப்பாங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. வர்றியா?" வாரேன் என்றாள். அது முட்டவில்லை. சந்தோஷம் என்று ஒன்று வருமோ என்று பார்த்தாள். வரவில்லை. "அவ பேரு சார்?" என்று கேட்டாள். "அதையும் எழுதியிருக்கேன்மா" என்று சொல்லி அவர் தாளைக் கவிழ்த்தார். அவர் மனசு இரங்கி எழுதினாரா, இவளுடைய பேச்சுக்காக எழுதினாரா என்று கேட்க முடியவில்லை.

மதிய மணி அடித்து வராந்தா காலியாகிவிட்டிருந்தது. மைதானத்து ஓரத்தில், கொடிக்கம்பத்து மேடையில், சந்தனமாரி இவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் திறக்காத சோற்று டப்பா. எத்தனை அடி தூரத்தில் போய் நிற்பது என்று தெரியாமல் வெயிலிலேயே நின்றாள் பேச்சியம்மாள். "நல்லாப் பேசினியாமே" என்றாள் சந்தனமாரி திரும்பாமல். "என் பேர வச்சு. என்னைய விட." குரலில் கோபம் இருந்தால் தேவலை. "எங்கப்பா கடைய எதுக்குட்டி இழுத்த? ஒங்கப்பா இல்லையா ஒனக்கு?" இருக்கார். இருக்கார், நான்தான் விட்டுட்டேன், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவர் கையை விட்டதும் நான்தான், இன்றைக்கு உன் கையை. மன்னிச்சிரு என்று சொல்லலாம். ம சுலபம், வந்துவிடும், உடனே வந்துவிடும் என்பதாலேயே அதைச் சொல்லக் கூசியது. முதலில் அவளைக் கூப்பிட வேண்டும், அவளுடைய பேரை அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, வாயைத் திறந்தாள். ச். நின்றுவிட்டது. இதுவரை ஒருநாளும் நிற்காத பேர், நாக்குக்கும் பல்லுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு ச் ச் என்று காற்றாகப் போனது. வெயில் உச்சந்தலையில் இறங்கியது. முட்டுகிறது என்று அந்த முதுகுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்ததும் அது ஒரு இம்மி இறுகியது. சந்தனமாரி திரும்பிப் பார்க்கவில்லை, எடுத்தும் கொடுக்கவில்லை. சோற்று டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, திறக்காமல், உட்கார்ந்திருந்தாள்.